பஸ் பட்டறையும் பந்தயத் தடமும்: தென்தமிழகத்தில் மாற்றியமைத்த கார்களின் வரலாறு

தமிழ்நாட்டின் மோட்டார் பந்தய வரலாறு வழக்கமாகச் சோழவரத்து விமான ஓடுபாதையில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் வழியாக, கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியின் ஃபார்முலா ஒன் காரில் ஏறியது வரை சொல்லப்படுகிறது. வென்றவர்களின் பெயர்களால் கோக்கப்பட்ட இந்த வரலாற்றில், அவர்கள் ஓட்டிய வண்டிகளை வெட்டியும் ஒட்டியும் கட்டிக்கொடுத்த பட்டறைகளுக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைத்ததில்லை. பந்தயக் கார் என்று தனியே விலைக்கு வாங்க எதுவும் இல்லாத நாட்டில், சாலையில் ஓடும் சாதாரணக் காரைப் பிரித்துப் பந்தயக் காராக மாற்றும் கைத்திறன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை சோழவரத்துக்கு நாற்பது ஆண்டு முன்னால், மதுரையிலும் கோவையிலும் ஓடிய பஸ்களில் இருக்கிறது.

திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த வேலையை விட்டுவிட்டு 1911–12ஆம் ஆண்டுகளில் பஸ் தொழிலில் இறங்கினார். 1923இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் உருவாகி, மதுரை மேலவெளி வீதியைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் சதர்ன் ரோட்வேஸ் பஸ்களும் லாரிகளும் வைகைக் கரையிலிருந்து நாலாபுறமும் ஓடின. டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்லிவந்தது வெறும் புகழ்ச்சியன்று. குறித்த நேரத்துக்கு ஒரு பஸ் ஊர் போய்ச் சேரவேண்டுமானால், அது வழியில் நின்றுவிடாதபடி இரவோடிரவாக அதைப் பார்த்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்று பின்னால் இருந்தாக வேண்டும். மாட்டு லாடத்திலிருந்து கழன்று சாலையில் கிடக்கும் ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முன்னதாக ஓட்டி அவற்றைப் பொறுக்கியெடுத்தார்கள் என்ற செய்தியும் மதுரையில் வழங்கிவருகிறது. மாட்டு வண்டியும் மோட்டாரும் ஒரே சாலையைப் பங்குபோட்டுக்கொண்ட காலத்தின் சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

அக்காலத்தில் பஸ் முழு வண்டியாக இறக்குமதியாகவில்லை. எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய வெறும் அடிச்சட்டம் மட்டும் கப்பலில் வர, அதன்மேல் மரத்தாலும் தகட்டாலும் கூடு கட்டுவது உள்ளூர்த் தச்சர், கொல்லர், டிங்கரிங் வேலைக்காரர் ஆகியோரின் பொறுப்பாக இருந்தது. உதிரி பாகம் தேய்ந்தால் இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட லேத்தில் கடைந்துகொள்வதே நடைமுறையாயிற்று. தேய்ந்த டயரின்மேல் புது ரப்பரை ஒட்டி மறுபடி ஓடவிடும் ரீட்ரேடிங் தொழிலையும் இதே நிறுவனம் தொடங்கியது. இவ்வாறு ஒரு வாகனத்தைத் தயாரித்தவன் கொடுத்த வடிவிலேயே வைத்துக்கொள்ளத் தேவையில்லை, தன் சாலைக்கும் சுமைக்கும் ஏற்ப அதை மாற்றலாம் என்ற துணிவு, பந்தயம் என்ற எண்ணமே இல்லாத இடத்தில் பந்தயத்துக்கு முந்தியே பிறந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் இந்தத் துணிவுக்கு ஒரு கடும் பயிற்சியாக அமைந்தது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கின; டி.வி.எஸ். நிறுவனமே தன் பெயரில் கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்துத் தயாரித்து விற்றது. வண்டியின் பின்புறம் பொருத்திய உருளையில் அடுப்புக்கரியைப் போதிய காற்றின்றி எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, சாம்பலும் தூசும் நீங்க வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி நகரும். ஆனால் பெட்ரோலில் கிடைக்கும் வலு கிடைக்காது. கிளம்புமுன் உலையை மூட்டி ஊதவேண்டும். மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கி நடக்கவேண்டியும் வரும். பழைய கதைகளில் ‘கரி பஸ்’ நகைச்சுவைப் பொருளாகவே வருகிறது என்றாலும், தொழில்நுட்ப வரலாற்றில் அதற்கு வேறு மதிப்பு உண்டு. எஞ்சின் உருளைக்குள் எரிபொருள் கலவை எந்த அளவுக்கு நெருக்கப்படுகிறதோ அதுவே அழுத்த விகிதம் எனப்படும். கரிவாயு போன்ற மெலிந்த எரிபொருளிலிருந்து கூடுதல் வலுவைக் கறக்க இந்த விகிதத்தை உயர்த்துவதும், தீப்பொறி விழும் நேரத்தை முன்தள்ளுவதும், காற்றின் அளவைத் திருத்துவதும் வழிகள். பந்தய எஞ்சினைத் தயார்செய்பவன் செய்யும் முதல் மூன்று வேலைகளும் இவைதாம்.

மதுரைச் சமவெளிக்கு வேகப் பந்தயம் புதியதும் அன்று. மேலூர், சிவகங்கை, தேனி வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்தில், வண்டிகள் சாலையில் குறித்த எல்லை வரை ஓடித் திரும்புகின்றன. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு எனக் காளைகளின் அளவையும் பருவத்தையும் வைத்துப் பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. சுமை வண்டியின் கனத்தையெல்லாம் நீக்கி, சாரதி நிற்கவோ குந்தவோ போதுமான சட்டத்தோடு கட்டப்படும் பந்தய வண்டி, மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்ற வரையறைக்குள் எவ்விதத் தயக்கமுமின்றி அடங்கும். எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிவு வகுக்கும் மோட்டார் பந்தய விதிகளின் தர்க்கம் இந்த மண்ணுக்குப் பழகியதே என்று மட்டும் இங்குக் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டுக்கும் நேரடி வாரிசுத் தொடர்பு காட்டுவது மிகையாகும்.

மோட்டார் பந்தயத்துக்கு இடம் கொடுத்தது போர்தான். இங்கிலாந்தில் 1943இல் கட்டிய சில்வர்ஸ்டோன் விமானத் தளம் 1948இல் பந்தயத் தடமானது போலவே, சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில் போர்க்காலத்தில் போடப்பட்ட ஓடுபாதை அமைதி திரும்பியதும் வேலையற்றுக் கிடந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டு, நேர்ப்பாதைகளை இணைத்து வளைவுகளை உண்டாக்கி, பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் எல்லையாக வைத்து ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பிந்தைய வறண்ட வாரங்களில் போட்டிகளை நடத்தியது. தெற்கிலும் இத்தகைய ஓடுபாதைகள் இல்லாமலில்லை: காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டில் ஒன்றும், கயத்தாற்றில் ஒன்றும், இராமநாதபுரம் உச்சிப்புளியில் ஒன்றும் இருந்தன. அவற்றில் முதலிரண்டும் மதுரையிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடியவை. ஆயினும் பந்தயம் சென்னையை ஒட்டியே வேர்பிடித்ததற்குக் காரணம் தடத்தைவிட ஆட்கள்தாம்: வெள்ளைக்கார வணிக நிறுவன அதிகாரிகள், கார் வைத்திருந்த செல்வக் குடும்பத்து இளைஞர்கள், அவர்களைச் சேர்த்துவைத்த ஒரு கிளப் ஆகிய மூன்றும் அன்று சென்னையில் மட்டுமே கூடியிருந்தன. மதுரையில் பட்டறை இருந்தது. பொழுதுபோக்காகக் காரை உடைத்துப் பார்க்கும் வர்க்கம் போதிய எண்ணிக்கையில் இல்லை.

அரசின் தொழிற்கொள்கையும் பட்டறையின் முக்கியத்துவத்தைக் கூட்டியது. வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்கும் நிறுவனங்களுக்கு 1953க்குப் பின் இடமில்லாமல் போக, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டு வெளியேறின. எஞ்சியவை அம்பாசிடர், ஃபியட் 1100, வண்டலூரை அடுத்த ஆலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்று கார்களே என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். சோழவரத்தில் அரச குடும்பத்தாரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஓரிரு உண்மையான பந்தயக் கார்களை ஓட்டியதுண்டு; விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே அங்குக் கொண்டுவந்தார். ஆனால் தடத்தை நிரப்பியவை இந்த உள்நாட்டுக் கார்களின் உருமாறிய வடிவங்களே.

அந்த உருமாற்றத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது. ஃபியட் 1100இன் 1089 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொண்டால், முதலில் அதன் ஹெட்டைக் கழற்றி அடிப்பரப்பைச் சீவுவார்கள். சீவிய அளவுக்கு எரியறை சுருங்கி அழுத்த விகிதம் கூடும், ஆனால் அளவு மீறினால் வால்வு பிஸ்டனில் மோதும் அல்லது எஞ்சின் ‘நாக்’ அடித்துப் பிஸ்டன் ஓட்டையாகும். பிறகு காற்றும் புகையும் போய்வரும் துளைகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் வழவழப்பாக்கி அகலப்படுத்துவார்கள். ஒற்றைக் கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு வைப்பதும், கேம்ஷாஃப்ட்டின் மேடுகளை மறுபடி சாணைபிடித்து வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கச் செய்வதும் அடுத்த கட்டம். உள்ளே பின்னிருக்கை, மெத்தை, கதவின் உள்தகடு எல்லாம் பிடுங்கப்படும். பட்டை வில்கள் தட்டையாக்கப்பட்டு வண்டி தரையோடு தாழும். ஹெரால்டு காருக்குத் தனி அடிச்சட்டம் இருந்ததால், மேற்கூட்டை முழுமையாகக் கழற்றி எறிந்துவிட்டு அதன்மேல் வேறொரு உடலைக் கட்டுவது எளிது. இவற்றில் எந்த வேலைக்கும் நூலோ அளவுப் பட்டியலோ பெரும்பாலும் இருந்ததில்லை. லேத் ஓட்டியவரின் விரல் நுனியில்தான் கணக்கு இருந்தது.

கோவையின் கதை இதே கதையின் செழிப்பான வடிவம். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கிய யுனைடெட் மோட்டார் சர்வீஸ் நூற்றுக்கணக்கான பஸ்களாகப் பெருகியதும், எல்.ஜி. பாலகிருஷ்ணன் குடும்பத்தார் 1937இல் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கியது பின்னர்ச் சங்கிலித் தயாரிப்பில் பெயர்பெற்றதும், பஞ்சாலைகளுக்குப் பாகம் செய்த வார்ப்பாலைகள் ஊர்முழுதும் இருந்ததும் அங்கு ஒன்றுசேர்ந்தன. அந்தச் சூழலில் வளர்ந்த எஸ். கரிவரதன், சோழவரத்தில் ஓட்டுநராகப் பெயரெடுத்தவர். 1988இல் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை வைத்துத் தனியிருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்றும் ஃபிஸ்மே என்றும் அறியப்பட்ட அந்தக் காரின் நுட்பம் எளிமையில் இருக்கிறது. மாருதியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்புறத்தில் ஒரே கட்டாக அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அந்தக் கட்டை அப்படியே எடுத்து, குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்துவிட்டால், அது பின்சக்கரங்களைச் சுழற்றும் பந்தயக் காராகிவிடும். எந்த ஊர் மாருதிப் பட்டறையிலும் பாகம் கிடைக்கும். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் இத்தகைய காரில்தான். கரிவரதன் 1995இல் வான்விபத்தில் இறந்தார், எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் கோவை செட்டிபாளையத்தில் அமைத்து 2003இல் திறந்த 2.1 கி.மீ. தடம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்குகிறது. இந்திய மோட்டார் பந்தயத்தின் தனி ஆளுமை யார் என்று கேட்டால், ஃபார்முலா ஒன் ஓட்டிய இந்தியர் இருவரையும் விடக் கரிவரதன் பெயரைச் சொல்வதே நியாயம்.

இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும், நான்கு சக்கர இழுவை, அதாவது எஞ்சினின் சுழற்சி இரண்டு சக்கரங்களுக்குப் பதில் நான்குக்கும் செல்லும் அமைப்பு, தமிழ்நாட்டுச் சுற்றுத்தடங்களில் நிலைபெறவில்லை. நான்கு சக்கர இழுவை வண்டி இங்கு அரிதாக இருந்ததால் அன்று: போர் விட்டுச்சென்ற வில்லிஸ் ஜீப்புகளும், 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா பூட்டி விற்ற ஜீப்புகளும் கண்மாய்க்கரைகளிலும் கரிசல் காட்டுச் சேற்றிலும் தாராளமாக ஓடின, 1985இல் மாருதி ஜிப்சி வந்தது. காரணம் அவற்றின் அமைப்பில் இருந்தது. வளைவில் திரும்பும் காரின் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு தூரம் உருள்கின்றன. இடவல வேறுபாட்டை அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி ஈடுசெய்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான வேறுபாட்டை ஈடுசெய்ய நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் வேண்டும். ஜீப்பிலும் ஜிப்சியிலும் அது இல்லை. சிறிய தண்டை இழுத்தால் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமின்றித் தண்டுகள் முறுக்கேறும், ஸ்டியரிங் கல்லாகும், இறுதியில் ஏதாவதொன்று உடையும். சோழவரப் பந்தயங்கள் நடந்ததோ மழையற்ற தை, மாசியில்.

உலக அளவிலும் இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சுற்றுத்தடத்தில் கிடைத்த வரவேற்பு விசித்திரமானது. ஸ்டிர்லிங் மாஸ் 1961இல் அவுல்டன் பார்க்கில் ஈரத்தடத்தில் ஃபெர்குசன் பி99 காரை ஓட்டி வென்றபோது எதிர்காலம் இதுவே எனத் தோன்றியது. 1969இல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன், காஸ்வொர்த் நான்கும் நான்கு சக்கர இழுவை ஃபார்முலா ஒன் கார்களைக் கட்டி, அவை கனமாகவும் திருப்பக் கடினமாகவும் இருந்ததால் கைவிட்டன. 1980இல் ஆடி குவாட்ரோ வந்தபின் ராலி உலகம் தலைகீழானது. சாதாரணக் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் டூரிங் கார் பந்தயத்தில் நிலைமை ஃபார்முலா ஒன்னுக்கு எதிர்மாறு: நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தையும், ஃப்ராங்க் பீலாவின் ஆடி ஏ4 1996இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் வெல்ல, விதி வகுப்பவர்கள் முதலில் கூடுதல் எடையைச் சுமத்தி, பிறகு அந்த அமைப்பையே விலக்கினார்கள். தோற்றதற்காக ஒரு முறையும் வென்றதற்காக இன்னொரு முறையும் ஓரங்கட்டப்பட்ட தொழில்நுட்பம் மோட்டார் பந்தயத்தில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அது பிழைத்தது புழுதியில். தோட்டப் பாதைகளிலும் செம்மண் சாலைகளிலும் நேரக் கணக்கில் ஓடும் ராலிப் போட்டிகளில் ஜிப்சி நெடுங்காலம் ஓடியது. தாராளமயத்துக்குப் பின் இறக்குமதியான மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற, நடு டிஃபரன்ஷியலுடன் கூடிய கார்கள் வந்தன. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் ரீட்ரேடிங் ரப்பருக்கு மாறிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர்களோடு, நான்கு சக்கர இழுவை ஸ்கோடா ஃபாபியாவில் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் ராலிப் பட்டம் வென்றார். ஆனால் அந்தக் கார் எந்த உள்ளூர்ப் பட்டறையிலும் பிறந்ததன்று.

இங்குதான் கதையின் திருப்பம் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளத்தில் அமைத்த நிரந்தரத் தடம் 1990இல் திறக்கப்பட்டபோது, சோழவரத்தின் பட்டறைக் கார்களுக்குப் பொற்காலம் வந்ததாக எண்ணப்பட்டிருக்கலாம். நடந்தது வேறு. 2010இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை போன்ற ஒரே வகைக் கார்ப் போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே எஞ்சின், அதுவும் முத்திரையிட்டு வழங்கப்படுகிறது, திறப்பது குற்றம். ஓட்டுநரின் திறமையை மட்டும் அளக்க இது நேர்மையான வழி என்பதில் ஐயமில்லை. ஹெட்டைச் சீவத் தெரிந்தவருக்கு அங்கு வேலை இல்லை என்பதும் அதே அளவு உண்மை. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருத்தடத்தில் மின்விளக்கொளியில் ஓடிய பந்தயத்திலும் பட்டறைக்கு இடம் அவ்வளவே.

காரைக் கட்டும் வேலை இப்போது பொறியியல் கல்லூரிகளுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. 2011இல் தொடங்கிய சுப்ரா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியிலும், கோவைத் தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியிலும் மாணவர்கள் குழாய்ச் சட்டத்தைத் தாமே பற்றவைத்து, எஞ்சினோ மின்மோட்டாரோ பொருத்திக் கொண்டுவருகிறார்கள். நான்கு சக்கர இழுவை மறுபடி நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான்: சக்கரத்துக்கு ஒரு மின்மோட்டார் வைத்துவிட்டால் நடு டிஃபரன்ஷியலும் நீண்ட தண்டுகளும் தேவையில்லை, எந்தச் சக்கரம் எவ்வளவு சுழலவேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. 2023 செப்டம்பரில் சூரிச் மாணவர்கள் கட்டிய அத்தகைய கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 0.956 நொடியில் எட்டியது.

மதுரைக்கு இந்த வரலாற்றில் எஞ்சிய பங்கு பெரிதன்று என்றாலும் இல்லாமற் போய்விடவில்லை. சதர்ன் ரோட்வேஸ் பஸ்கள் 1972இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் தொடக்கச் சொத்தாயின. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் ஆலை இயங்குகிறது. அதே குடும்பத்தின் ஒசூர்க் கிளை 1982இல் தொடங்கிய டி.வி.எஸ். ரேசிங் அணி இரண்டு சக்கரப் பந்தயத்தில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஆயினும் கரி பஸ்ஸை ஓட்டியவர்கள், ஃபியட் ஹெட்டைக் கையால் சீவியவர்கள், ஹெரால்டு சட்டத்தில் புது உடல் கட்டியவர்கள் ஆகியோரின் பெயர்களும் முறைகளும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. சோழவரத்துக் காலத்தில் இளைஞர்களாக இருந்த பட்டறைக்காரர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். மதுரையிலோ கோவையிலோ உள்ள ஏதேனும் ஒரு பொறியியல் கல்லூரி தன் மாணவர் கார் அணியையே அவர்களிடம் அனுப்பி, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து, எஞ்சியுள்ள கார்களை அளந்து வரைபடமாக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கவேண்டும்.